ஒரு கோடி ஆசிரியர்கள் இருந்தும் வகுப்பில் ஆள் இல்லாமல் போவது எப்படி?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது, ஆசிரியர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள், கல்விக்கு ஒதுக்கும் பணமும் வருடாவருடம் ஏறுகிறது, தங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பிறகும் ஆள் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா? அவர் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான். மூன்று எண்களும் நல்ல பக்கம் நகரும்போது வகுப்பறை மட்டும் ஏன் நகரவில்லை? ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. அந்த எண்கள் எதுவும் வகுப்பறையை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நான் இடைநிலை ஆசிரியராக, அதாவது தொடக்க வகுப்புகளுக்கு நடத்துபவராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராகி, கடைசிப் பதினோரு ஆண்டுகள் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அதற்கு உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று பெயர். ஆகஸ்ட் மாதம் வந்தால் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடும் பணியிட நிர்ணயம், அதன் பின்னால் உபரி ஆசிரியர்களைக் காலி இடங்களுக்கு மாற்றும் பணி நிரவல், அதன் பின்னால் வசவு. இதுதான் என் அனுபவம். ஆகவே தமிழ்நாட்டுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி நான் சொல்வதைக் கையால் தொட்டுச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிற மாநிலங்களைப் பற்றி நான் பேசுவது அட்டவணையைப் படித்தவன் பேச்சு. அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒன்றிய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் யூடைஸ் அறிக்கைப்படி 2021-22 இல் மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 26.52 கோடிப் பேர். அடுத்த ஆண்டே 25.17 கோடி. 2023-24 இல் 24.8 கோடி, 2024-25 இல் 24.69 கோடி. நடுவில் ஒரே ஆண்டில் ஒன்றே கால் கோடிக்கு மேல் விழுந்திருக்கிறது பாருங்கள், அதைக் கண்டு பலர் பதறினார்கள். பிள்ளைகள் ஒரே வருடத்தில் அப்படி மறைந்துவிட மாட்டார்கள். 2022-23 இல் கணக்கெடுக்கும் முறையே மாறியது. அதுவரை பள்ளி மொத்தமாக ஓர் எண்ணைக் கொடுக்கும்: மூன்றாம் வகுப்பில் பையன்கள் 14, பெண்கள் 11 என்று. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரோடு, ஆதார் இருந்தால் அதையும் சேர்த்துத் தனிப் பதிவு. இரண்டு இடத்தில் பெயர் இருந்த பிள்ளை ஓர் இடத்தில் உதிர்ந்துவிட்டது. அமைச்சகமே முந்தைய ஆண்டுகளோடு இதை நேராக ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டது.

இரட்டைப் பதிவு எப்படி வந்தது என்பது எங்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கைதான் கணக்கு. ஜூலைக் கடைசி வாரத்தில் ஒரு தலைமை ஆசிரியை என் அலுவலகத்துக்கு வந்தார். "சார், அம்பத்தொம்பது இருக்கு. ரெண்டு பிள்ளைங்க கூடினா மூணாவது போஸ்ட் தங்கிடும். பக்கத்துத் தெருவுல நர்சரியில படிக்கிற ரெண்டு பேரோட அம்மாகிட்ட பேசிட்டேன், இங்க பேர் இருந்தா போதும்னு சொல்றாங்க சார்." அவர் திருட்டுத்தனம் செய்யவில்லை. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3 என்று கல்வி உரிமைச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் பள்ளியின் இன்னோர் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். நான் சேர்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஆசிரியரும் போனார், ஊர்க்காரர்கள் என்னைத் திட்டியதும் நடந்தது. இப்படி ஒரு கோட்டை ஒட்டி எண்ணிக்கை வீங்கும் என்பது நிச்சயம். மொத்தச் சரிவில் இந்த வீக்கம் வடிந்தது எவ்வளவு, பிறப்பு குறைந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பதில் என் சொல் கணிப்பு மட்டுமே: 2022-23 இன் பெரிய இறக்கம் பெரும்பாலும் கணக்கு முறையால், அதற்குப் பிந்தைய மெதுவான இறக்கம் பெரும்பாலும் பிறப்பால். தமிழ்நாடு, கேரளம் போன்ற இடங்களில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் கூட்டமே மெலிந்துவிட்டது. போதாக்குறைக்குப் பெற்றோர் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். நாட்டில் படிக்கும் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் இப்போது பாதிக்குச் சற்றுக் குறைவு.

அடுத்தது அந்த ஒரு கோடி. 2024-25 அறிக்கையில்தான் ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக அதைத் தாண்டி 1.01 கோடி ஆனது. அது அரசுப் பள்ளி, அரசு நிதியுதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாம் சேர்ந்த தொகை. அரசு சம்பளம் கொடுக்கும் ஆட்கள் மட்டும் என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே அறிக்கையில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதம் நான்கு நிலைகளுக்கும் தரப்பட்டிருக்கிறது: அடித்தள நிலையில் (மழலை முதல் 2 வரை) 10, ஆயத்த நிலையில் (3 முதல் 5) 13, நடுநிலையில் (6 முதல் 8) 17, இடைநிலையில் (9 முதல் 12) 21. இப்போது ஒரு பேப்பரை எடுத்து 24.69 கோடியை 1.01 கோடியால் வகுத்துப் பாருங்கள். 24 வருகிறது. நான்கு பாகங்களிலும் 21ஐத் தாண்டாத விகிதம், மொத்தமாகப் பார்த்தால் எப்படி 24 ஆகும்? சராசரி தன் பாகங்கள் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தால் ஓர் அர்த்தம்தான்: ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் எண்ணப்பட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒருவரே நடத்தினால் அடித்தள நிலையிலும் அவர் இருப்பார், ஆயத்த நிலையிலும் இருப்பார். அறிக்கையில் பொய் இல்லை; 'இந்த நிலைக்குக் கற்பிப்பவர்' என்று கேட்டால் அவர் பெயர் இரண்டிலும் வரத்தானே வேண்டும்? ஆனால் 10 என்ற எண்ணைப் படித்துவிட்டு, பத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரைக் கற்பனை செய்தால் அது நம் தவறு.

சரி, எண்ணும் முறை சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் சராசரி நம்மைக் கவிழ்க்கும். ஒரு வட்டாரத்தில் 20 பிள்ளைகள் படிக்கும் பத்துச் சிறு பள்ளிகள், 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பெரிய பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம், எல்லாம் தொடக்கப் பள்ளிகள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி சிறு பள்ளிக்குத் தலா 2 பேர், பெரிய பள்ளிக்கு 5 ஆசிரியர்களும் ஒரு தலைமை ஆசிரியரும். மொத்தம் 400 பிள்ளைகள், 26 ஆசிரியர்கள். விகிதம் 15. சட்டப்படி ஒரு குறையும் இல்லை, தணிக்கை வந்தாலும் குறிப்பு எழுத முடியாது. இனி உள்ளே போய்ப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள், அதாவது 200 பேர், வகுப்புக்கு 40 பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மறு பாதிப் பேர் படிக்கும் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கிறார். 15 பேர் இருக்கும் வகுப்பில் படிக்கும் பிள்ளை அந்த வட்டாரத்திலேயே ஒன்றுகூட இல்லை!

கேட்டவரின் ஊர்ப் பள்ளி இந்த இரண்டாவது வகை. 19க்கு 2 என்பது காகிதத்தில் சொகுசு. அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். கூட்டம், பயிற்சி, கிடங்குக்குப் போய் விலையில்லாப் புத்தகம் எடுத்துவருவது, வங்கி, பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையத் தளத்தில் பதிவேற்றம் எல்லாம் அவர் தலையில். மற்றவர் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருந்தால் வாக்காளர் பட்டியல் திருத்தக் காலத்தில் அவர் மனம் வகுப்பில் இருக்காது. சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேற்றம் கல்வி சார்ந்த வேலைதானே என்று யாரும் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவர் விடுப்பு எடுத்தால் ஈராசிரியர் பள்ளி அன்று ஓராசிரியர் பள்ளி. பலவகுப்புக் கற்பித்தல் தனி வித்தை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்து இங்கே செயல்வழிக் கற்றலாக வந்த முறை அதற்கென்றே பிறந்தது. அதைச் சுகமாகச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன், மூன்றாம் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு நாள் முழுக்க ஒன்றாம் வகுப்போடு மட்டும் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அகில இந்திய அளவில் நிரந்தரமாகவே ஓராசிரியர் பள்ளியாக இருப்பவை 2024-25 இல் 1,04,125. முந்தைய ஆண்டு 1,10,971. அங்கே படிப்பவர்கள் 33 லட்சத்துக்கும் மேல், சராசரி ஒரு பள்ளிக்கு 32 பேர். அதே அறிக்கையில் ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகள் 7,993, அவற்றின் பெயரில் ஆசிரியர்கள் 20,817 பேர். அந்த ஆசிரியர்களில் பெரும்பங்கு மேற்கு வங்கத்தில் மட்டும். 'அவர்களை ஓராசிரியர் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது' என்று செய்தி வந்த அன்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பூஜ்யம் என்று வரும் பள்ளியில் எத்தனை உண்மையில் மூடப்பட்டவை, எத்தனை பதிவேற்றக் கோளாறு என்பது களத்தில் போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. உண்மையாகவே ஆள் இருந்தாலும், ஆந்திரத்து ஓராசிரியர் பள்ளிக்கு வங்கத்து ஆசிரியரை அனுப்ப எந்த விதியும் இல்லை. ஆசிரியர் மாநிலத்தின் ஊழியர்.

மாநிலத்துக்குள்ளேயே நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு எங்கள் பட்டியலில் நடுநிலைப் பள்ளிகளில் உபரியாக 9 பட்டதாரி ஆசிரியர்கள், காலி 11 இடங்கள். பார்க்கிறவருக்கு இரண்டு இடம்தான் குறை. ஆனால் உபரியில் ஆறு பேர் தமிழும் சமூக அறிவியலும். காலியில் எட்டு இடம் கணிதமும் அறிவியலும். நிரவல் முடிந்தபோது மூன்று பேர்தான் பொருந்தினார்கள். நிதியுதவிப் பள்ளியில் உபரியாக இருப்பவர் அந்த நிர்வாகத்தின் ஆள் என்பதால் அரசுப் பள்ளியில் நிரந்தரமாகப் போடவும் வழியில்லை, மாற்றுப்பணியில் கொஞ்ச நாள் அனுப்பலாம், அவ்வளவுதான். ஆளில்லாமல் உபரியாகும் பணியிடம் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாமல் இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். ஆள் இருக்கிற இடத்தைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போடும். தொகுப்புக்குப் போன இடத்தைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த இடம் திரும்பி வந்து நான் பார்த்தது அபூர்வம். காலியிடம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்வதை மாநிலங்கள் பல விதத்தில் தட்டிக்கழிக்கின்றன. ஆள் எடுப்பதை ஒத்திவைப்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு இடைநிலை ஆசிரியர் தேர்வு நடந்தது 2024 ஜூலையில், 2,768 இடங்களுக்கு. இடைப்பட்ட காலத்தில் படித்துத் தகுதித் தேர்வும் எழுதிவைத்துக் காத்திருந்தவர்களின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணம். 'கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம்' என்பது 1964-66 கோத்தாரி ஆணையத்தின் பரிந்துரை. 1968 தேசியக் கல்விக் கொள்கையில் ஏற்கப்பட்டது, 2020 கொள்கையிலும் திரும்பச் சொல்லப்பட்டது. எவ்வளவு எட்டியிருக்கிறோம் என்று தேடினால் இரண்டு விடை கிடைக்கும். 2020 கொள்கை ஆவணமே 4.43 என்கிறது. பொருளாதார ஆய்வறிக்கைகளில் 3க்குச் சற்றுக் கீழே ஓர் எண் வரும். இரண்டில் ஒன்று பொய் என்று சண்டை போடத் தேவையில்லை. பெரிய எண்ணில், கல்வித் துறைக்கு வெளியே மற்றத் துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவும் அடங்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர் சிறிய எண் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

அந்தப் பணத்தை யார் தருகிறார்கள் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 1976 இன் 42ஆவது திருத்தத்தில் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனாலும், சம்பளம் கொடுப்பது மாநிலம்தான். 2025-26 இல் தமிழ்நாடு ஒரு மாநிலம் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதே ஆண்டு ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் சேர்த்து, பள்ளிக் கல்விக்கு மாநிலங்களோடு பங்கிட்டு நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு வைத்தது 41,250 கோடி. 'அப்படியானால் ஒன்றியத்தின் பங்கு இல்லாவிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். மாநிலத் தொகையில் மிகப் பெரும்பகுதி சம்பளமாகவே போய்விடும். அதைத் திருப்பி வேறெதற்கும் செலவிட முடியாது. சமக்ர சிக்ஷாவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில் வருவதுதான் பள்ளி மானியம், பயிற்சி, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், பகுதிநேர ஆசிரியர் ஊதியம், உண்டு உறைவிடப் பள்ளி. அளவில் சிறிது, அசைகிற பணம் அதுவே. 2024-25 இல் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத் தகராறில் தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி நிறுத்தப்பட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, 46 ஆயிரம் கோடி வைத்திருக்கிற மாநிலம் ஏன் இப்படித் துடிக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டு வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சுகிற பணத்தில் கைவைத்தால் யார்தான் துடிக்கமாட்டார்கள் என்றேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டுமா என்பது அரசியல். அதில் எனக்கும் கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.

பகுதிநேர ஆசிரியர்களைச் சொன்னேன். 2012 இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. அவர்களும் ஆசிரியர்கள்தான், எண்ணிக்கையில் வருவார்கள். பதின்மூன்று வருடம் கழித்தும் நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். ஒரு கோடி என்ற எண்ணுக்குள் நாடெங்கும் இப்படி எத்தனை வகை ஊதியம், எத்தனை வகைப் பெயர்!

பள்ளி கைக்கு நேரடியாக வரும் மானியத்தைப் பார்த்தால் இன்னொரு கோடு தெரியும். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. 19 பிள்ளைகள் உள்ள பள்ளி அந்தப் பத்தாயிரத்தில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மோட்டார் பழுது பார்க்க வேண்டும், பதிவேடு வாங்க வேண்டும். அதே பள்ளியின் இரண்டு மூத்த ஆசிரியர்களுக்கும் சேர்த்து மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், 40 பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 3,750 ரூபாய். 19 ஆனபோது 7,900ஐ நெருங்குகிறது. 'தலைக்குச் செலவு இரட்டிப்பாகிவிட்டது' என்று செய்தி எழுதலாம், கணக்கில் தப்பே இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்து சேரவில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் குறையக் குறையச் செலவு தானாக ஏறுவதன் கதை பெரும்பாலும் இதுதான்.

இதற்கெல்லாம் மருந்து பள்ளிகளை இணைப்பது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ராஜஸ்தான் 2014 இல் சுமார் 17,000 பள்ளிகளை இணைத்தது. உத்தரப் பிரதேசம் 2025 இல் 50க்குக் கீழே உள்ள பள்ளிகளை இணைக்க ஆணையிட்டு, வழக்குக்கும் எதிர்ப்புக்கும் பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பவற்றை விட்டுவிடுவதாகச் சொன்னது. ஆசிரியர் கோணத்தில் பார்த்தால் இணைப்பு நல்லது: ஐந்து வகுப்புக்கு ஐந்து பேர் கிடைப்பார்கள், விடுப்பு எடுத்தால் பள்ளி படுக்காது. பிள்ளை கோணத்தில், ஆறு வயதில் நடக்கும் தூரம் கூடும். நடுவில் ஓடையோ நெடுஞ்சாலையோ இருந்தால் பெண் பிள்ளை நிற்கும். எந்தப் பக்கம் எடை அதிகம் என்று நாடு முழுமைக்கும் ஒரே பதில் சொல்ல என்னால் முடியாது. என் வட்டாரத்தில் அரை கிலோமீட்டருக்குள் இரண்டு பள்ளிகள் இருந்த ஊர்களில் சேர்த்துவிடலாம் என்றே எழுதியிருக்கிறேன். மலையடிவாரத்தில் 11 பிள்ளைகள் இருந்த பள்ளியை மூடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி நீங்கள் முடிவுக்கு வர வேண்டுமானால் விகிதத்தை விட்டுவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். பிள்ளைகளின் பதிவேடு அல்ல, ஆசிரியர்களுடையது. போன மாதத்தில் இருவரும் ஒன்றாகப் பள்ளியில் இருந்த நாட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். விடுப்பு ஒரு பக்கம், 'பணி நிமித்தம்' என்று எழுதியிருக்கும் நாட்கள் ஒரு பக்கம் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாம் வகுப்புக்கு யார் கணக்கு நடத்துகிறார், அப்போது மற்ற நான்கு வகுப்புகளும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். நான் பார்வைக்குப் போகும் பள்ளிகளில் முதலில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். பல தலைமை ஆசிரியர்கள் பதில் சொல்லாமல் வராந்தாவைக் காட்டினார்கள்.